பனுவலும் போர்வையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாவில் உரையாற்ற வேண்டும் என்று அழைத்த செயலாளர், பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் எனக்கே வழங்கினார். அகப்பாடல் குறித்தோ சிலம்பு குறித்தோ பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருளோ, வீட்டின் சன்னலோரத்தில் மதிய வேளைகளில் ஓசையின்றி நிகழ்வது. பழந்துணிகளை வெட்டி இணைத்துப் போர்வை தைப்பதும், இரண்டு ஊசிகளால் கம்பளி நூலைக் கொண்டு சட்டையும் தொப்பியும் பின்னுவதும் பற்றியது. விலைக்காக அன்றி விருப்பத்தின்பாற் செய்யப்படும் வேலை. இதில் இலக்கியம் எங்கே வந்தது என்னும் ஐயம் முன்வரிசைப் பெரியவர்கள் சிலரின் முகத்தில் தெரிகிறது. நாம் இலக்கியத்திற்கு வழங்கும் சொற்களே அங்கிருந்து வந்தவை என்பதை முதலில் நினைவுபடுத்த விரும்புகிறேன்.

நூல் என்கிறோம். இழையையும் அச்சொல்லாற் குறிக்கிறோம். தொல்காப்பியத்தையும் அச்சொல்லாற் குறிக்கிறோம். பனுவல் என்பதும் அவ்வாறே. புறநானூற்றில் அது நூற்பதற்குரிய பஞ்சு; பிற்காலத்தில் அது பாவலன் யாத்த செய்யுள். பின்னல் என்றால் கூந்தலும் உண்டு, ஆடையும் உண்டு. தையல் என்னும் சொல் துணியை இணைக்கும் தொழிலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். துன்னம் என்பது தையலுக்கு வழங்கிய பழஞ்சொல். புகார் நகரின் இந்திரவிழவில் நிற்கும் தொழில் வல்லாருள் துன்னகாரரையும் இளங்கோவடிகள் மறவாமல் நிறுத்துகிறார். இத்துணைச் சொற்களையும் பெற்றுக்கொண்ட இலக்கியம், கொடுத்தவரை என்ன செய்தது என்பதே என் வினா.

13-ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரத்தில் ஓர் அரிய உவமை இருக்கிறது. மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடத்துகிறோம்; நடத்திவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுகிறோம். ஒரு நூல் எவ்வாறு உருவாகிறது? சொற்கள் பஞ்சு, செய்யுள் இழை, புலவனோ நூற்கின்ற பெண், அவன் வாய் அவள் கை, அவன் அறிவு அவள் கையிலுள்ள கதிர். புலவனைப் பெண்ணுக்கு ஒப்பிட முனிவர் கூசவில்லை. இனித் தொல்காப்பியர் உவமை இயலில் வகுத்த விதியொன்றை இதனோடு சேர்த்துப் பாருங்கள். உவமையாக எடுத்துக்கொள்ளும் பொருள், உவமிக்கப்படும் பொருளினும் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. முகத்திற்கு நிலவு உவமையாவது அதனால்தான். அவ்விதியின்படி நோக்கினால், நூற்கும் பெண் புலவனினும் உயர்ந்தவள் ஆகிறாள். இலக்கணம் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் உரையாசிரியர் எவரும் இந்த முடிவுக்கு வரவில்லை. வந்திருந்தால் நம் பாடத்திட்டங்கள் சற்று வேறுபட்டிருக்கும்!

சங்கப் புலவர்கள் அவளைப் பார்த்திருக்கிறார்கள். நள்ளிரவில் வெருகுப் பூனைக்கு அஞ்சிக் கதறும் பேடைக்கோழி, பருத்திப் பெண்ணின் சிறு விளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அமைதியுறும் காட்சி புறநானூற்றில் வருகிறது. ஊர் உறங்கிய பின்னும் விளக்கேற்றி வைத்து வேலை செய்தவள் அவள். நற்றிணையில், துணைவரை இழந்த பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய பனுவல் மலைமேல் தவழும் மழைமுகிலுக்கு உவமையாகிறது. பொருநராற்றுப்படையின் பொருநன், வேர்வையில் நனைந்து வேற்று நூல் நுழைந்து தைக்கப்பட்ட கந்தலோடு கரிகாலன் முன் சென்று நிற்கிறான். மன்னன் அதை நீக்கிப் பாம்பின் சட்டை போன்ற மெல்லிய ஆடையை அளிக்கிறான். மன்னனின் கொடையைப் பாடிய பாட்டு அது. ஆனால் அந்தக் கந்தலில் வேற்று நூலை நுழைத்துத் தைத்தவர் யார்? பெரும்பாலும் அவன் வீட்டு விறலியாகத்தான் இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போற்றி வருகிறோம். அப்போர்வையைச் செய்த கைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இம்மேடையில் பத்தாண்டுகளாகப் போர்த்தப்பட்ட பொன்னாடைகளுக்கும் அதே நிலைதான் என்பதை உரிமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

இனி அவ்வேலையின் உள்ளே சற்று நுழைவோம். தைத்தறியாத ஆடவர்களுக்காகச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒட்டுத்துணிப் போர்வை, குயில்ட் என்று ஆங்கிலத்தார் வழங்குவது, மூன்று அடுக்கு உடையது. மேலே துண்டுகளை இணைத்த முகப்பு. நடுவே வெப்பம் காக்கும் பஞ்சு அல்லது பழந்துணி. அடியில் ஒற்றைத் துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டுத்தையலே அவற்றை ஓருடலாக்குகிறது. வங்காளத்தில் காந்தா என்பர். நாம் கந்தை என்பதோடு உறவுடைய சொல் அது. அங்கே பழைய சேலைகளை அடுக்கி, அச்சேலைகளின் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் தைப்பது மரபு. நம் வீடுகளிலும் பிள்ளை பெற்றவளுக்குப் பழம்புடவையை மடித்துத் தைத்த படுக்கைதான் முதலில் வரும். புதுத்துணி குழந்தைக்கு உறுத்தும் என்பார்கள். புத்த பிக்குகளின் சீவரமும் துண்டுகளை இணைத்துத் தைத்ததே. மகத நாட்டு வயல்களும் வரப்புகளும் தோன்றும்படி அதை அமைக்குமாறு புத்தர் ஆனந்தருக்குச் சொன்னதாக விநய நூல் கூறுகிறது.

இந்த வேலையின் உயிர் கணக்கு. தைத்து முடிந்த பின் 4 அங்குலச் சதுரம் வேண்டுமெனில், நான்கு புறமும் மடிப்புக்குக் கால் அங்குலம் விட்டு 4½ அங்குலமாக வெட்ட வேண்டும். அத்தகைய 9 சதுரங்கள் சேர்ந்தால் 12 அங்குலக் கட்டம் ஒன்று. அகலத்தில் 5, நீளத்தில் 7 என 35 கட்டங்கள் சேர்ந்தால் 60-க்கு 84 அங்குலப் போர்வை. அதற்கு 315 துண்டுகள். மடிப்பை மறந்து 4 அங்குலமாகவே வெட்டிவிட்டால், போர்வை அகலத்தில் 7½ அங்குலமும் நீளத்தில் 10½ அங்குலமும் குறைந்து, போர்த்தியவரின் கால் வெளியே நிற்கும். கண்ணுக்குத் தெரியாத மடிப்புத்தான் அளவைத் தீர்மானிக்கிறது.

பின்னலோ முற்றிலும் வேறு இயல்பினது. அதில் வெட்டுதல் இல்லை. ஒரே நூல், தன்னைத் தானே கண்ணிகளாக வளைத்துக்கொண்டு, ஒரு கண்ணிக்குள் மறுகண்ணியாக நுழைந்து ஆடையாகிறது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மீண்டும் நூலாகிவிடும். தண்டியலங்காரம் செய்யுள் வகைகளைக் கூறுமிடத்துத் தொகைநிலை என்றும் தொடர்நிலை என்றும் பிரிக்கிறதல்லவா? ஒட்டுப்போர்வை தொகைநிலை, பின்னல் தொடர்நிலை. பலரிடம் பல காலத்தில் கிடைத்த துண்டுகளை அளவு பார்த்து அடுக்கியவர்கள் தானே நம் தொகை நூல்களைத் தந்தார்கள்! சிற்றெல்லையாக 4 அடியும் பேரெல்லையாக 8 அடியும் உடையவை குறுந்தொகைக்கு, 9 முதல் 12 வரை நற்றிணைக்கு, 13 முதல் 31 வரை அகநானூற்றுக்கு என்று பிரித்து வைத்த அந்தக் கை, துணித்துண்டுகளை அளவுவாரியாக அடுக்கி வைக்கும் கையைப் போன்றதே.

பின்னலில் அடிப்படையான கண்ணி இரண்டே. நிட், பர்ல் என்று நம் பெண்கள் ஆங்கிலப் பெயரையே வழங்குகின்றனர். இலக்கணம் படித்த எனக்கு அவற்றை நேர், நிரை என்று அழைக்கத் தோன்றும். நேர், நிரை என்னும் இரண்டு அசைகளைக் கொண்டு தேமாவும் புளிமாவும் அமைத்து, அவற்றிலிருந்து வெண்பாவையும் ஆசிரியத்தையும் விருத்தத்தையும் எழுப்பினோம். அவர்கள் இரண்டு கண்ணிகளைக் கொண்டு சங்கிலிக் கோலமும் கூடைக் கோலமும் எழுப்புகிறார்கள். ஒன்றை மட்டுமே முகப்பில் காட்டிப் பின்னினால் துணியின் ஓரம் சுருளும். ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றிப் பின்னினால் இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கும். கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் அதுவே ஏற்றது. இதில் நான் வியக்கும் ஒன்று உண்டு. நேர் எனப் பின்னிய கண்ணியைத் துணியின் மறுபுறத்திலிருந்து பார்த்தால் அதுவே நிரை. இரண்டும் வேறல்ல, பார்ப்பவர் நிற்கும் பக்கம்தான் வேறு. யாப்பிலக்கணத்தில் இந்த வசதி இல்லை.

இங்கும் கணக்கு உண்டு. 8-ஆம் எண் ஊசியில் நடுத்தரக் கம்பளி நூலைப் பின்னினால் ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ ஐந்தரைக் கண்ணிகள் விழும். 36 அங்குலச் சுற்றளவுள்ள சட்டைக்கு 198 கண்ணி. முன்பின் பகுதிகளை இணைக்கும் ஓரங்களுக்கு 4 கூட்டினால் 202. பகுதி ஒன்றுக்கு 101. பின்னுபவரின் கை சற்றுத் தளர்ந்து, அங்குலத்திற்கு 5 கண்ணியே விழுமானால், அதே 198 கண்ணியில் சட்டை 39½ அங்குலத்தைத் தாண்டிவிடும். ஆதலால் முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி அளந்து பார்ப்பார்கள். அவரவர் கையின் இறுக்கம் அவரவர்க்கே உரியது; ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் முடித்தால் அந்த இடம் தெரியும். நடை என்று நாம் உரைநடையில் சொல்வது வேறென்ன? அக்குளிலிருந்து கீழே 15 அங்குல நீளத்திற்கு 105 வரிசை. ஆக உடற்பகுதிக்கு மட்டும் 21,210 கண்ணிகள். தாயுமானவரின் கண்ணிகளை எண்ணிப் படிக்கும் நாம், இந்தக் கண்ணிகளை எண்ணியதில்லை.

இவற்றையெல்லாம் நான் நூல்களிலிருந்து மட்டும் அறிந்தவளல்லள். குன்னூரில் வாழும் என் அத்தையாரிடம் அறிந்தவை பல. அவர் பள்ளியொன்றில் கணக்காசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மலைக்குளிரில் அவர் வீட்டில் எவரும் விலைக்கு வாங்கிய கம்பளிச் சட்டை அணிந்ததில்லை. அவருடைய போர்வைகளில் மதுரைச் சுங்குடியும் செட்டிநாட்டுக் கண்டாங்கியும் அடுத்தடுத்து இருக்கும். நடு அடுக்காக மாமாவின் பழைய வேட்டி இரண்டு மடிப்பு. விழாவுக்கு வந்த உறவினர்கள் போர்வையைப் பிரித்துவைத்துக்கொண்டு, இது யார் கல்யாணத்துக்குக் கட்டியது, இது எந்தப் பொங்கலுக்கு எடுத்தது என்று விரல் வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். உரையோடு கூடிய மூலம் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் நான் சொல்ல வந்தது போர்வையை அன்று, அவருடைய குறிப்பேட்டை. செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதிவு, கோடு போட்ட பள்ளி நோட்டில். அவர் அதைக் கணக்கு நோட்டு என்பார். பதிவுகள் இப்படி இருக்கும்:

“1987 ஆடி. ஸ்வெட்டர், பழுப்பு, மூத்தவனுக்கு. உடம்பு 8-ஆம் ஊசி, ஓரம் 10. கை நீளம் போதவில்லை. பிரித்து 2 அங்குலம் கூட்டியது.”

“1990 தை. மேற்படி ஸ்வெட்டர் முழுவதும் பிரித்தது. நூல் கழுவிக் காயவைத்தது. சின்னவனுக்குத் தொடங்கியது. மிச்ச நூலில் தொப்பி ஒன்று.”

“1994 ஐப்பசி. போர்வை, 35 கட்டம். 31 முடிந்தது. நீலம் போதாது. அம்மா சேலையை வெட்ட மனமில்லை.” அதன் கீழே, வேறு மையில், “வெட்டியாயிற்று.”

என்று, எதற்கு, யாருக்கு, எத்தனைக் கண்ணி. உணர்ச்சிச் சொல் என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பது அரிது. அந்த ‘வெட்டியாயிற்று’ என்ற ஒற்றைச் சொல்லில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அவ்விரு வரிகளுக்கும் இடையே என் பாட்டியார் காலமாகியிருந்தார். மற்றொரு பக்கத்தில் வெள்ளை நூலில் ஒரு மழலைச் சட்டை. தொடங்கிய நாள் இருக்கிறது. கண்ணி எண்ணிக்கை இருக்கிறது. யாருக்கு என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. பக்கத்தில் “நிறுத்தம்” என்று மட்டும் உள்ளது. ஏறத்தாழ ஈராண்டு கழித்து, “வெள்ளை நூல் பிரித்தது. காலுறை இரண்டு, அவருக்கு” என்று ஒரு பதிவு. இடைப்பட்ட காலத்தில் என்ன நேர்ந்தது என்பதை எங்கள் குடும்பம் அறியும். நோட்டு அதைச் சொல்லவில்லை, அத்தையாரும் சொன்னதில்லை. தொல்காப்பியர் எச்சவியலில் சொல்லெச்சம், குறிப்பெச்சம், இசையெச்சம் என்று பகுத்துக் கூறுவதை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். குறிப்பெச்சத்திற்கு இதனினும் தகுந்த எடுத்துக்காட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. ஆயினும் அதை வகுப்பில் சொல்ல மனம் வரவில்லை. இன்று இங்கே அவருடைய இசைவு பெற்றே சொல்கிறேன்.

இதைப் பொழுதுபோக்கு என்னும் சொல்லால் வழங்குகிறோம். திருப்பூர் இருக்கிறது. பின்னலாடைத் தொழிலில் உலகெங்கும் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள பொறிகள் செய்வதும் கண்ணிக்குள் கண்ணி கோப்பதையே. 1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்த நாளிலிருந்து, கையால் பின்ன வேண்டிய கட்டாயம் சிறிது சிறிதாகக் குறைந்து வந்திருக்கிறது. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சட்டைக்காக ஒருத்தி 21,210 கண்ணிகளை ஏன் கோக்க வேண்டும் என்னும் கேள்வி நியாயமானதே. கம்பளி நூலின் விலையைக் கூட்டிப் பார்த்தால் வீட்டில் பின்னிய சட்டைக்கே செலவு அதிகம். சிக்கனத்தால் செய்கிறார்கள் என்று விடைகூறித் தப்ப முடியாது.

எதிர்ப்பக்க வாதமும் ஒன்று உண்டு. அதை நான் ஒளிக்கப் போவதில்லை. பெண்ணைத் தலைகுனிந்து உட்காரவைக்க ஊசியைப் போல் வசதியான கருவி வேறில்லை. தைக்கத் தெரியுமா, பின்னத் தெரியுமா என்று பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட காலத்தை இங்குள்ள தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1984-இல் ரோசிகா பார்க்கர் என்னும் ஆங்கிலேய அறிஞர், பூத்தையல் பெண்ணை அடக்கமுடையவளாக வடித்த வரலாற்றையும், அதே ஊசியை அவள் தன் மறுப்புக்குக் கருவியாக்கிய வரலாற்றையும் ஒரே நூலில் எழுதினார். நம் தென்கோடியிலும் இவ்விரண்டும் கலந்தே நிகழ்ந்தன. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். பணிவும் ஒழுங்கும் கற்பிக்கும் மிஷன் பள்ளிக் கைவேலைதான் அது. ஆயினும் அந்த லேஸின் வருவாயைக் கொண்டு அடிமைநிலையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. ஊசி எவர் கையில் எதற்காக இருக்கிறது என்பதைப் பொறுத்தது இது. விரும்பி எடுத்த ஊசிக்கும் திணிக்கப்பட்ட ஊசிக்கும் வேறுபாடு காணாத பெண்ணியத் திறனாய்வு எனக்கு உடன்பாடன்று.

அடுத்து, பெயர் பற்றிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். குறுந்தொகையில் சில புலவர்களின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் அவர்களைக் கைவிட்டுவிடவில்லை. அவரவர் பாட்டில் உள்ள சிறந்த தொடரையே பெயராகச் சூட்டினார்கள்: செம்புலப்பெயல்நீரார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார். பெயர் தொலைந்த பின்னும் படைத்தவருக்கு ஓர் இடம் உண்டு என்று நம்பிய மரபு நம்முடையது. போர்வை தைத்தவளுக்கு இந்த மரபு ஏன் நீளவில்லை?

வங்காளத்தில் குருசதய் தத்தர் திரட்டிய நாட்டுக்கலைத் தொகுப்பில் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காந்தா ஒன்று புகழ் பெற்றது. மானதாசுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தைத்தது. எண்ணற்ற உருவங்களுக்கிடையே, இதைச் செய்தவள் தான் என்பதையும் தந்தைக்கு உரியது என்பதையும் எழுத்தாகவே தைத்து வைத்தாள். ஆகவே அவள் பெயர் நமக்குத் தெரிகிறது. அவளைப் போல் பெயரைத் தைத்தவர்கள் சிலரே. ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் வங்கக் கதைப்பாடலின் தலைவியும், தன் வாழ்வையே காந்தாவில் தைத்து, அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்கிறாள். அங்கு ஒரு கவிஞர் போர்வையைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தார்.

அமெரிக்காவில் இச்சிக்கல் வழக்குமன்றம் வரை சென்றது. அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்தோடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் வாழ்வது. வீட்டில் குளிர்தாங்க வழியின்றி, வயல்வேலைக்கு அணிந்து கிழிந்த துணிகளைக் கொண்டு அவ்வூர்ப் பெண்கள் போர்வை தைத்தார்கள். மிசௌரி பெட்வே என்பவர் 1942-இல், இறந்த தம் கணவரின் வேலைத்துணிகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார்; அவரை நினைத்திருக்கவும், அதனடியில் உறங்கவும். முழங்கால் தேய்ந்த இடமும் சாயம் போகாத பையடியும் அதில் அப்படியே தெரியும். நம் கையறுநிலைப் பாடல்களோடு வைத்து எண்ணத்தக்கது அது. 1966-இல் அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவு அமைத்து விற்கத் தொடங்கினர். 2002-இல் ஹூஸ்டனிலும் பின்னர் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் அப்போர்வைகள் தொங்கின; ஓவிய மேதைகளோடு ஒப்பிட்டு எழுதினார்கள். 2006-இல் அஞ்சல்தலைகளிலும் அவை இடம்பெற்றன. 2007-இல் அவ்வூர்ப் பெண்கள் சிலர், தங்கள் வேலைப்பாட்டின் உரிமையும் வருவாயும் தங்களுக்கு உரியவாறு வந்து சேரவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். 2008-இல் அவ்வழக்குகள் உடன்பாட்டில் முடிந்தன. எவருக்கும் பெயர் தெரியாத காலத்தில் எழாத வினா, பெயர் தெரிந்தவுடன் எழுந்தது. அது எழுந்ததே நல்லது என்பேன்.

இதையெல்லாம் அத்தையாரிடம் சொல்லி, நீங்களும் ஒவ்வொரு போர்வையின் மூலையிலும் பெயரும் ஆண்டும் தைத்து வையுங்கள் என்று வற்புறுத்தினேன். அவர் நூலை ஊசியில் கோத்துக்கொண்டே, “எதுக்குடி? போத்திக்கிறவனுக்குத் தெரியாதா?” என்றார். முனைவர் பட்டம் பெற்ற நான் அதற்கு மறுமொழி தேடிக்கொண்டிருக்கிறேன். போர்த்திக்கொள்பவனுக்குத் தெரியும். அவன் மகனுக்குத் தெரியுமா? பேரனுக்கு? அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் ‘செய்தவர் பெயர் தெரியவில்லை’ என்னும் அட்டையோடு தொங்கும் போர்வைகள் எல்லாம், ஒரு காலத்தில் போர்த்தியவருக்குத் தெரிந்த கையால் செய்யப்பட்டவையே. ஆனால் அவர் கேட்பதிலும் பொருளுண்டு. எல்லாரும் அறிய வேண்டும் என்று செய்யப்படாத ஒன்றின்மேல் நம் விருப்பத்திற்காகப் பெயர் பொறிக்கச் சொல்வது முறையா? அவருடைய போர்வைகளில் இன்றும் பெயர் இல்லை. குறிப்பேட்டை மட்டும் எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், முடிந்த பிறகு. எது முடிந்த பிறகு என்று நான் கேட்கவில்லை.

அவருக்குக் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. ஊசிக்கண்ணில் நூல் கோப்பது இப்போது எளிதாயிருக்கிறதாம். கறுப்பு நூலில் மட்டும் பின்னுவதில்லை. கண்ணிகள் தெரியவில்லை என்கிறார். கையிலிருப்பது ஒரு கொள்ளுப்பேரனுக்கு உரிய சட்டை. பழைய பழுப்பு நூலும் சிறிது கலந்திருக்கிறது. அது 1987-இன் நூல்.

நிறைவாக வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் விளம்பரத் துண்டறிக்கைகளையும் சேர்த்து வைத்தார். அன்று அதைக் குப்பை என்றவர்கள் உண்டு. இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆய்வு நூலகத்தை நாடி உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். நம் வீட்டுப் பெண்களின் பின்னற் குறிப்புகள், வார இதழ்களிலிருந்து வெட்டி ஒட்டிய தையற் கோலங்கள், கோலநோட்டுகள், ‘சிவன் கண்’ணும் ‘நெல்லிக்காய் முடிச்சு’ம் வரைந்து வைத்த வயர்க்கூடைக் கணக்குகள் ஆகியன பழைய தாள் வாங்குபவரின் தராசுக்குப் போகுமுன், உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தில் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டுகிறேன். கிடைப்பவற்றைப் படியெடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே திருப்பித் தந்துவிடலாம். வரும் ஆண்டின் கூட்டங்களுள் ஒன்றை அவற்றைப் படிப்பதற்கென்று ஒதுக்கித் தந்தால், ஏட்டுச்சுவடிக்குப் பாடம் கேட்பது போல, எழுதியவர்களையே அருகில் அமர்த்திப் பாடம் கேட்கலாம். அக்கூட்டத்திற்குப் பேச்சாளர் தேடும் தொல்லை செயலாளருக்கு இராது.